சில்வண்டுச் சத்தம்

டெக்லன் மல்விஹில் என்ற பெயரை அப்படியே படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று படக் கம்பெனியில் கேட்டிருந்தார்கள். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் சொன்னால் போதும் என்று ஈலேன் வார்கா என்ற பெண்மணி தொலைபேசியில் மிகவும் பணிவாகச் சொல்லியிருந்தார். அவர் எதைச் சொன்னாலும் பணிவாகத்தான் சொல்வார். அதற்காகவே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் போல என்று அப்பா ஜெரி மல்விஹில் நினைத்துக்கொண்டார்.

வேண்டாம் என்று சொன்னால் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை. அந்த இளம் தீயணைப்பு வீரன் படத்தில் இருப்பான். நியூயார்க் இரட்டைக் கோபுரங்களில் வடக்குக் கோபுரத்தின் படிகளில் ஏறுவான். இறங்க மாட்டான். அவனுக்கு வேறு ஏதாவது பெயர் வைப்பார்கள், அவ்வளவுதான். ஜெரியும் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவர் வெளியே வந்தார். அதற்கு இரண்டு வருடம் கழித்து அந்தச் செப்டம்பர் வந்தது.

"செத்த தீயணைப்புக்காரங்க முன்னூத்தி நாப்பத்தி மூணு, முன்னூத்தி நாப்பத்தி மூணுன்னு பனியன்ல போட்டாச்சு, கார்ல ஒட்டியாச்சு, கையில பச்சை குத்தியாச்சு," என்றாள் மனைவி நோரீன். "எம் புள்ளை நம்பர் இல்ல ஜெரி. எங்கயோ அயோவாவுல ஒருத்தி பாப்கார்ன் தின்னுக்கிட்டே அவன் பேரைக் கேக்கட்டும். எனக்கு அது போதும்."

"நான் வேணாம்னு சொல்லலையே."

"வேணும்னும் சொல்லல. கல்லுளிமங்கன் மாதிரி இருந்தா நான் எதைன்னு எடுத்துக்கிறது?"

பிடிவாதம் என்று நோரீன் நினைத்தாள். பிடிவாதமாக இருந்தால்கூடத் தேவலை. தனக்குள்ளே கையை விட்டுத் துழாவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. இந்த நாலரை வருடங்களாக இப்படித்தான். மகனுடைய நினைவுத் திருப்பலியில் தேவாலயமே அழுதது. அவர் மட்டும் முன் வரிசையில் உட்கார்ந்து, மெழுகுவர்த்தி ஒன்று சாய்ந்திருக்கிறதே, யாராவது நிமிர்த்தக் கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். புதைப்பதற்கும் எதுவும் கிடைக்கவில்லை. குளிர்காலம் முழுக்க மற்ற அப்பாக்களோடு சேர்ந்து இடிபாட்டுக் குவியலில் கையால் தோண்டினார். மற்றவர்களின் பிள்ளைகள் சிலர் கிடைத்தார்கள். டெக்லன் கிடைக்கவில்லை.

படத்தைப் பற்றி அவர்கள் வசித்த ஸ்டேட்டன் தீவில் அந்த வசந்தகாலம் முழுக்கப் பேச்சு. மார்ச்சில் ஏதோ நகைச்சுவைப் படத்துக்கு முன்னால் இதன் முன்னோட்டத்தைப் போட்டிருக்கிறார்கள். பாதி அரங்கம் எழுந்து "இதைப் படமா எடுக்க இன்னும் நாளாகலடா" என்று கத்தியதாம். அதிலிருந்து எங்கே போனாலும் அதே கேள்வி. காலைச் சாப்பாட்டுக் கடையில் முட்டையைப் புரட்டிக்கொண்டே கடைக்காரர் கேட்டார், "நீ சொல்லு ஜெரி. நாளாச்சா, ஆகலையா?" முடிவெட்டும் இடத்திலும் கேட்டார்கள். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பதுபோல ஆளாளுக்கு அவர் மேல் ஒரு சொட்டு தெளித்துப் பார்த்தார்கள். சுர்ரென்று ஒரு சத்தமும் வரவில்லை. ஏமாந்து போனார்கள்.

இறந்தவர்களின் குடும்பத்தாருக்கென்று மன்ஹாட்டனில் தனியாக ஒரு காட்சி வைத்தார்கள். நோரீன் தன் தங்கை பேட்ஸியைக் கூட்டிக்கொண்டு போனாள். ஜெரி போகவில்லை. அங்கே திரையை யாரும் பார்க்கப்போவதில்லை, பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நோரீன் கண் வீங்கி வீட்டுக்கு வந்தாள். வந்தவள் குளிர்பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த இறைச்சி ரொட்டியை நின்றுகொண்டே முழுசாகச் சாப்பிட்டாள். அவள் அப்படிச் சாப்பிட்டு அவர் பார்த்து எத்தனையோ காலம்.

"எல்லாரும் சேந்து அழுதோம்," என்றாள். "நல்லா இருந்துச்சு. சொன்னா உனக்குப் புரியாது."

"கோபுரம் விழற எடம் எப்படி எடுத்திருக்கான்?"

நோரீன் கத்தியைக் கழுவினாள். "விழறப்ப சத்தம். அப்புறம் ஒண்ணும் கேக்காது. பனி பெஞ்ச மாதிரி அமைதி. நீ சொன்ன மாதிரியேதான். போய்ப் பாரு ஜெரி. பாத்துட்டு வேணாம்னு சொன்னாக்கூட நான் ஏத்துக்கறேன்."

நீ சொன்ன மாதிரி. ஆமாம், சொல்லியிருந்தார். கோபுரங்கள் விழுந்த அன்று இரவு, அங்கிருந்து சாம்பலோடு வீட்டுக்கு வந்தபோது நோரீன் கேட்ட முதல் கேள்வி, அங்கே எப்படி இருந்தது என்பதுதான். அமைதியாக இருந்தது என்று சொன்னார். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை மதியம் ஜெரி பாலம் தாண்டி நியூ ஜெர்சிக்குப் போனார். அங்கே ஒரு வணிக வளாகத்தில் பொது ஜனங்களுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று பழைய தோழர் ஒருவர் காதில் போட்டிருந்தார். வழியில் போகிறவர் வருகிறவரைப் பிடித்து இலவசமாக உள்ளே விடுவார்களாம், முடிந்ததும் சிலரை நிறுத்தி வைத்து அபிப்பிராயம் கேட்பார்களாம். ஜெரிக்குப் படத்தைப் பார்க்கும் ஆசை அவ்வளவாக இல்லை. படத்தைப் பார்க்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. டெக்லனின் பெயரை எந்த மாதிரி ஆட்களிடம் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்தால் ஒரு முடிவு வரலாம்.

செருப்புக் கடைக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சிரித்த முகம். சட்டையில் கெல்சி என்று பெயர் குத்தியிருந்தாள்.

"சார், ரெண்டு மூணு கேள்விதான். உங்க குடும்பத்துல யாராவது சினிமாவுலயோ விளம்பரத்துலயோ வேலை பாக்குறாங்களா?"

"இல்ல."

"பத்திரிகையில?"

"இல்ல."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "செப்டம்பர் பதினொண்ணுல உங்களுக்கு வேண்டியவங்க யாரையாவது இழந்தீங்களா?"

"இல்ல," என்றார் ஜெரி.

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். உண்மையைச் சொல்லும்போது இருப்பது போலவேதான் இருந்தது. கெல்சி நன்றி சொல்லி உள்ளே அனுப்பினாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜெரிக்குக் கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையில் இடம். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க தம்பதி. கணவனின் மடியில் வாளி மாதிரி ஒரு டப்பாவில் பாப்கார்ன்.

"ராய், அழுகைப் படம்னு தெரிஞ்சே இவ்வளவு பெருசு வாங்கியிருக்கே," என்றாள் மனைவி.

"அழறதுக்கும் தெம்பு வேணுமில்ல."

விளக்கு அணைந்தது.

முதல் அரை மணி நேரம் எல்லாரும் காபி குடித்தார்கள், முத்தம் கொடுத்தார்கள், ரயில் பிடித்தார்கள். வானம் நீலமாக இருந்தது. அரங்கத்தில் அந்த நீலத்தைப் பார்த்தே சிலர் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். டெக்லனாக நடித்த பையன் அழகன். டெக்லனுக்கு இவ்வளவு நல்ல பல் கிடையாது. பன்னிரண்டு வயதில் சைக்கிளில் இருந்து விழுந்து முன்பல் ஒன்று விளிம்பு உடைந்து, அப்படியே வளர்ந்தான். திரையில் இருந்தவன் கோபுரத்துக்குள் நுழைவதற்கு முன்னால் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினான். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் பார்ப்பதற்கு நன்றாக இருந்தது. ஜெரி ஒரு வாகனப் பழுதைப் பார்க்கிற கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். மேலங்கியின் கொக்கி சரி. தலைக்கவசத்தின் எண் சரி. குழாய்ச் சுருளை இடது தோளில் போட்டிருக்கிறான், பரவாயில்லை.

பையன் படியேறத் தொடங்கியபோது ராய் டப்பாவைக் கீழே வைத்தார். நடு வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, யாரைப் பார்த்தும் இல்லாமல், "இதெல்லாம் எதுக்குய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். "உக்காருங்க சார், மறைக்குது," என்றது ஒரு குரல். இன்னொரு குரல், "அவரை விடுங்க" என்றது. பிறகு எல்லாரும் திரைக்குள் போய்விட்டார்கள். முன் வரிசையில் ஒரு பெண் கையை வாயில் வைத்தபடியே இருந்தாள். ஒருவர் செபமாலை உருட்டினார். இவ்வளவு பேரும் உண்மையாகத்தான் அழுகிறார்கள் என்று ஜெரி பார்த்தார். அதில் அவருக்குக் கோபம் இல்லை. பொறாமை இருந்ததா என்று தேடினார். அதுவும் இல்லை.

கோபுரம் விழுந்தது. இருக்கைகள் அதிர்ந்தன. திரை சாம்பல் நிறமானது. ஒலி அடியோடு நின்றது. நோரீன் சொன்ன அமைதி இதுதான் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

அப்போது அது கேட்டது. முதலில் எங்கோ அடியில் ஒரே ஒரு கீச்சொலி. ஏறி ஏறி இறங்கும் சத்தம். பிறகு வலப் பக்கம் ஒன்று. பிறகு பின்னால் ஒன்று. பிறகு எத்தனை என்று சொல்ல முடியாதபடி, சாம்பலுக்கு அடியில் இருந்து, எல்லாப் பக்கமும்.

"ராய், என்ன அது? சில்வண்டா?" என்று பக்கத்துப் பெண் கிசுகிசுத்தாள்.

"மன்ஹாட்டன்ல சில்வண்டு எங்க வந்துச்சு. கார் அலாரமா இருக்கும்."

ஜெரியின் இடுப்பு அசைந்தது. அவர் அசைக்கவில்லை. அது தானாக ஒருமுறை இடமும் வலமும் ஆடி நின்றது.

தீயணைப்பு வீரர்களின் தோள்வாரில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருக்கும். அரை நிமிடம் போல அசையாமல் இருந்தால் அது கீச்சிடும். அப்போதும் அசையாவிட்டால் காது கிழியக் கத்தும். ஆள் விழுந்துவிட்டான், இங்கே இருக்கிறான், வந்து தூக்குங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்கு. தெருவில் சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தாலும் கீச்சிடும். அதனால் சத்தம் கேட்டதும் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டி அதை அடக்குவது எல்லாருக்கும் கை வந்துவிடும், பேச்சுகூட நிற்காது. கல்யாண வீட்டில் எவனுடைய கைப்பேசியாவது அந்த மாதிரிக் கத்தினால் ஒரு மேசை முழுக்க இடுப்பாட்டம் போடும். பெண்கள் சிரிப்பார்கள்.

நான்கைந்து வரிசைக்கு முன்னால், ஓரத்தில், தொப்பி போட்ட ஒருவரின் தோள்கள் இடமும் வலமும் ஆடி நின்றதை ஜெரி பார்த்தார். அத்தனை பேர் இருந்த அரங்கத்தில் வேறு ஒரு தலையும் அசையவில்லை. தொப்பிக்காரர் மெல்லத் திரும்பி, இருட்டில் பின்பக்கம் தேடினார்.

குவியலுக்கு ஜெரி, கோபுரங்கள் விழுந்த அன்று பிற்பகலே போய்ச் சேர்ந்தார். அமைதி என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை. காலுக்குக் கீழே எங்கு பார்த்தாலும் அந்தச் சத்தம்தான். ஒவ்வொரு கீச்சொலியும் அசையாமல் கிடக்கும் ஒரு ஆள். ஒன்றை நோக்கி ஓடுவார்கள். தோண்டுவார்கள். கான்கிரீட் தட்டும். அதற்குள் பக்கத்தில் இன்னொன்று கூப்பிடும். எது டெக்லன் என்று எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே குரல். மறுநாள் குறைந்தது. அதற்கு மறுநாள் மின்கலங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. கடைசியில் நின்றே போனது. அந்தச் சத்தத்தைச் சகிக்க முடியாமல் இருந்த ஆட்கள், அது நின்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெரிக்குள் இருந்த ஏதோ ஒன்றும் அதோடுதான் நின்றது என்று சொல்லலாம். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

திரையில் இசை வந்தது. சூரியன் வந்தது. விளக்கு எரிந்தது.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குடும்பத்தாருக்குப் போட்ட படத்தில் இரக்கப்பட்டு அந்தச் சத்தத்தை எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் நோரீன் பனி என்றாள். அடுத்த மாதம் படம் எல்லா ஊரிலும் வரும்போது அவள் பேட்ஸியையும் தேவாலயத்துப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய் முன்னால் உட்காருவாள். மகன் பெயரைக் கேட்பாள். அதன் பிறகு இதைக் கேட்பாள். தீயணைப்புக்காரன் பெண்டாட்டிக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளிடம் மிச்சமிருப்பது ஓர் அமைதி. அதையும் அவர்தான் பொய்யாகச் செய்து கொடுத்திருந்தார். இப்போது அதுவும் போய்விடும்.

வாசலில் கெல்சி சிலரைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தாள். "சார், நீலச் சட்டை, நீங்க. கொஞ்ச நேரம் இருக்க முடியுமா? உங்க வயசுக்காரங்க குறைவா இருக்காங்க." தொப்பிக்காரரையும் பிடித்துவிட்டாள். ராயும் மனைவியும் தாங்களாகவே உட்கார்ந்தார்கள். முன்னிரண்டு வரிசை நிறைந்தது.

"மனசுல பட்டதைச் சொல்லுங்க," என்றாள் கெல்சி. "சரி தப்பு எதுவும் கிடையாது."

"அஞ்சு வருஷம்கூட ஆகல," என்றார் ஒரு கண்ணாடிக்காரர். "இதை வெச்சுக் காசு பாக்குறது எனக்கு ஒப்பல."

"ஒப்பலன்னா ஏன் சார் முழுசும் பாத்தீங்க?" என்று ஓர் இளம்பெண் கேட்டாள்.

"ஓசின்னாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள்.

"அந்தப் பையன் அம்மாவுக்கு போன் பண்றான் பாருங்க, அங்கயே நான் முடிஞ்சேன்," என்றாள் ராயின் மனைவி. "எனக்கும் ஒரு பையன் இருக்கான். வாரம் ஒருதடவை போன் பண்ணச் சொன்னா, உனக்கென்ன வேற வேலையே இல்லையாங்கறான். அந்தப் பையன் பேரு என்ன, டெக்லன். டெக்லன் மாதிரி ஒரு பையன் வேணும்."

ஜெரி அவள் வாயில் அந்தப் பெயரைக் கேட்டார். சரியாகத்தான் உச்சரித்தாள். நோரீன் கேட்டது இதைத்தான்.

"பிடிக்காதது எதுவும் உண்டா?"

"அந்தக் கீச்சு கீச்சுதாங்க," என்றார் ராய். "விழுந்ததுக்கப்புறம் வருதே. ஸ்பீக்கர் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். அழுகை வர்ற நேரத்துல அது வந்து கெடுத்துருச்சு."

"எனக்கும்," என்றாள் இளம்பெண். "தலைவலி வந்துடுச்சு. எப்படா நிக்கும்னு இருந்துச்சு."

"என்ன சத்தம்னே சொல்லலையே," என்றார் கண்ணாடிக்காரர். "பூச்சியா, பறவையா?"

கெல்சிக்கும் தெரியவில்லை. "இதை நிறையப் பேர் சொல்றாங்க," என்று மட்டும் சொன்னாள். "சரி, அந்தச் சத்தம் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. ஜெரி தன் கை எழுவதைப் பார்த்தார். அது மற்றக் கைகளோடு சேர்ந்து நின்றது. நோரீனுக்காக என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தொப்பிக்காரர் ஜெரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"உங்களுக்கு எப்படி சார்?" என்று கெல்சி அவரிடம் கேட்டாள்.

"இருக்கட்டும்."

"ஏன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதும்மா," என்றார் தொப்பிக்காரர்.

வாகன நிறுத்தத்தில் அவர் ஜெரிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பெரிய ஆள். தொப்பியைக் கழற்றியபோது வழுக்கைத் தலையில் பழைய தீக்காயம் ஒன்று மின்னியது.

"எந்த ஃபயர் ஸ்டேஷன், பிரதர்?"

"புரூக்ளின். ரிட்டயர்ட். நீங்க?"

"பக்கத்துல லோடி ஊர்ல தீயணைப்பு வாலண்டியர். வால்ட் ஒசீகா. பகல்ல கூரை போடற வேலை." கை கொடுத்தார். "மறுநாள்தான் எங்களை அங்க விட்டாங்க. அப்பவும் கொஞ்சம் கேட்டுக்கிட்டிருந்துச்சு."

"ம்."

"அந்தப் பொண்ணு கேட்டப்ப எனக்கு வாய் வரல. சொல்லியிருக்கணும். நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க கையைத் தூக்கிட்டீங்க."

"என் பொண்டாட்டிக்கு அது தெரியாது," என்றார் ஜெரி. "அவ கேக்கக் கூடாது."

வால்ட் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். யாரை இழந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

"அது உங்க வீட்டு விஷயம்," என்றார். "ஆனா பிரதர், படத்துல அந்த ஒண்ணுதான் அங்க இருந்த ஒருத்தன் சொல்லிக்கொடுத்து வெச்சது. மத்ததெல்லாம் எவன் வேணா எழுதியிருக்கலாம்."

ஜெரி வீட்டுக்குள் நுழைந்தபோது நோரீன் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் திரும்பவில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன தோணுச்சு?"

"நீ சொன்ன மாதிரியேதான். அமைதி."

தோல் சீவுவது நின்றது. நோரீன் கத்தியைக் கீழே வைத்து, ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்தாள்.

"உங்களுக்குப் போட்டதுல அதை எடுத்துட்டாங்களா?"

"எதை?"

"ஜெரி, என்னைப் பாரு. எங்களுக்கு எடுக்கல."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. ஒரு படி இருக்கும் என்று கால் வைத்த இடத்தில் படி இல்லாதது போல் இருந்தது.

"அப்ப ஏன் பனின்னு சொன்னே?"

"அந்தச் சத்தம் இருக்குன்னு சொல்லியிருந்தா நீ போயிருப்பியா?" அவள் எதிரே உட்கார்ந்தாள். "அமைதியா இருந்துச்சுன்னு நீ வந்து சொன்ன அன்னிக்கு ராத்திரி, அங்க போயிட்டு வந்த பேட்ஸி வீட்டுக்காரன் வாசல்ல நின்னு எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டான். அஞ்சு வருஷமா எனக்குத் தெரியும். நீ என்கிட்ட மறைச்சே, சரி, உனக்கு அது வேண்டியிருக்குன்னு நானும் விட்டுட்டேன்."

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் எந்திரத்தை இழுத்துப் பார்த்தார். இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"அந்தச் சத்தம் வந்துச்சு பாரு," என்றாள் நோரீன். "அதுவரைக்கும் எல்லாப் பொம்பளைங்களும் அழுதுக்கிட்டிருந்தோம். ஆம்பளைங்க உன்னை மாதிரி மரக்கட்டையா உக்காந்திருந்தாங்க. அது கேட்டதும் ஹாலே ஆடுச்சு ஜெரி. அப்பனுங்க, அண்ணன் தம்பிங்க, கூட வேலை பாத்தவனுங்க, வரிசை வரிசையா இடுப்பை ஆட்டறானுங்க. என் நாற்காலியே ஆடுச்சு. அப்பதான் எனக்கு நல்லா அழுகை வந்துச்சு. அத்தனை பேரும் ஒரே நேரத்துல, நான் இங்க இருக்கேன்னு சொல்ற மாதிரி. எனக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. நீ போய் ஒருதடவை அதைக் கேக்கணும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

ஜெரி மேசையில் இருந்த ஒரு சுருட்டைத் தோலை எடுத்து நேராக்கினார். விட்டதும் சுருண்டுகொண்டது.

"அதை எடுத்துடலாமான்னு கடைசியில கேட்டாங்க," என்றார். "நான் கை தூக்கிட்டேன்."

"எடுக்கலாம்னா?"

"எடுக்கலாம்னு."

"எதுக்கு?"

"உனக்காக."

நோரீன் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்து சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து, நீண்ட சுருள் கம்பியோடு கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். "எனக்காக நீ பட்டதெல்லாம் போதும்," என்றாள். "அந்தம்மாவைக் கூப்பிடு."

சனிக்கிழமை ஆகையால் அலுவலகத்தில் யாரும் இல்லை. ஈலேன் வார்காவின் பணிவான குரல் பதிவில் இருந்து பேசி, செய்தி சொல்லச் சொன்னது. ஜெரி தன் பெயரைச் சொல்லி, வழக்கம்போல எழுத்துக் கூட்டினார்.

"டெக்லனோட அப்பா பேசறேன். பேரைப் பத்திக் கேட்டிருந்தீங்க. கோபுரம் விழுந்ததுக்கப்புறம் ஒரு சத்தம் வருதில்ல, அதை வெச்சீங்கன்னா அவன் பேரையும் வெச்சுக்குங்க. அதை எடுத்தீங்கன்னா அவன் பேரையும் எடுத்துடுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும், இல்லாட்டி ரெண்டும் வேணாம். எங்க ரெண்டு பேருக்கும் இதுதான் பதில்." காது மாற்றிப் பிடித்தார். "இன்னிக்கு நியூ ஜெர்சியில கேட்டப்ப வேணாம்னு கை தூக்கினதுல ஒண்ணு என் கை. அதைக் கணக்குல சேக்காதீங்க."

தொலைபேசியை வைத்தார். ஏதாவது வரும் என்று அப்படியே இருந்தார். கண் காய்ந்துதான் இருந்தது. நெஞ்சில் கனமும் இல்லை, லேசும் இல்லை. நோரீன் உருளைக்கிழங்கைப் பானையில் போட்டுத் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றினாள்.

"உங்க தியேட்டர்ல எத்தனை பேர் ஆடுனாங்க?" என்று முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"ரெண்டு பேர்."

"உன்னையும் சேத்தா?"

"என்னையும் சேத்துதான்," என்றார் ஜெரி.